சிலபஸை நாமே போட்டு சைக்காலஜி எம்.ஏ. படிப்பது

அமெரிக்காவில் சில கல்லூரிகளில் முதுகலைக்கு இதுதான் பாடத்திட்டம் என்று அச்சடித்து எதையும் கையில் கொடுக்க மாட்டார்கள். என்ன படிக்கப் போகிறேன், எந்தப் புத்தகங்கள், என்ன எழுதித் தருவேன், படித்ததற்கு என்ன அத்தாட்சி என்று எல்லாவற்றையும் மாணவரே எழுதி, ஒரு பேராசிரியரோடு உட்கார்ந்து பேசி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு அதன்படி படிக்க வேண்டும். நான் சைக்காலஜி எம்.ஏ. அப்படித்தான் படித்தேன். வெர்மான்ட் மாநிலத்தில் பிளெயின்ஃபீல்டு என்கிற சின்ன ஊரில் இருந்த காடர்ட் கல்லூரி. இதைச் சொன்னதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ பரீட்சையே கிடையாதா?" அடுத்தது, "இதுக்கு வேலை கிடைக்குமா?" பரீட்சை கிடையாது, வேலை கிடைக்கும், ஆனால் அந்தப் பாடத்திட்டத்தை எந்த முனையிலிருந்து எழுத ஆரம்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து. இங்கே நான் எழுத வந்தது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். காடர்டை 1938-இல் ராய்ஸ் பிட்கின் என்பவர் கல்லூரியாக்கினார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயியின் கல்விக் கொள்கையில் ஊறியவர், செய்து பார்த்துப் படிப்பதுதான் படிப்பு என்று நம்பியவர். 1963-இல் வேலை, குடும்பம் என்று இருக்கும் பெரியவர்களுக்காக ஒரு புது வழியைத் தொடங்கினார்கள்: செமஸ்டர் ஆரம்பத்தில் ஒரு வாரம் போலக் கல்லூரியில் வந்து தங்க வேண்டும், மற்ற மாதங்களில் வீட்டிலிருந்தே படித்து எழுதி அனுப்ப வேண்டும். இதைத்தான் இப்போது லோ ரெசிடென்சி என்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு 'பாக்கெட்' அனுப்ப வேண்டும். அதில் படித்த புத்தகங்களைப் பற்றிய குறிப்பு, ஒரு கட்டுரை, அப்புறம் என்ன புரிந்தது, எங்கே முட்டி நிற்கிறேன் என்று அட்வைசருக்கு, அதாவது நம் திட்டத்தை ஒப்புக்கொண்ட அந்தப் பேராசிரியருக்கு, ஒரு கடிதம். அவர் அதைப் படித்துவிட்டு நீளமாகப் பதில் எழுதுவார். மதிப்பெண் கிடையாது, செமஸ்டர் முடிவில் பத்தி பத்தியாக எழுதிய மதிப்பீடு மட்டும் வரும். கேட்க சொகுசாக இருக்கும். ஆனால் 'பி பிளஸ்' வாங்கினால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடலாம், "இந்த இடத்தில் நீ யோசிப்பதை நிறுத்திவிட்டாய்" என்று ஒருவர் எழுதி அனுப்பினால் அப்படிப் போக முடியாது.

நான் பி.எஸ்சி. கணிதம், பிறகு சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், கல்யாணத்துக்குப் பிறகு நியூ ஹாம்ப்ஷயரில் நாஷுவா. சைக்காலஜியில் ஒரு பாடம்கூடப் படித்தது கிடையாது. அப்படி வருபவர்கள் நேராக எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் ஜெனரல் சைக்காலஜி, வளர்ச்சி உளவியல், அப்நார்மல் சைக்காலஜி, புள்ளியியல் இந்த நான்கையும் முடித்துவிடுவது நல்லது. செலவு குறைவு, மாலை வகுப்பும் உண்டு. இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். என்னோடு சேர்ந்த இரண்டு பேருக்கு அப்நார்மல் சைக்காலஜி பாதியிலேயே தெரிந்துவிட்டது, தங்களுக்கு வேண்டியது வேறு வேலை என்று. பெரிய கடன் வாங்குவதற்கு முன்னால் தெரிந்தது அவர்கள் நல்ல நேரம்.

எனக்குப் படிக்க வேண்டும் என்று இருந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிற அப்பா அம்மாக்கள். எங்கள் அபார்ட்மென்டில் எப்போதும் நாலைந்து பேராவது இருப்பார்கள். வரும்போது இருந்த முகம் மூன்றாவது மாதத்தில் இருக்காது. இதைப் பற்றி எந்தக் கல்லூரியிலும் ஒரு பாடம் இல்லை. அதனால்தான் இந்த மாதிரிப் படிப்பைத் தேடிப் போனேன்.

முதல் பாக்கெட்டில் முதியவர்களின் தனிமை பற்றி நிறைய மேற்கோள்களோடு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். அட்வைசர் முதல் பக்கத்திலேயே 'முதியவர்கள்' என்ற சொல்லை வட்டமிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: "எந்த முதியவர்? காலை பதினோரு மணிக்கு அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?" அவ்வளவுதான். ஆனால் அந்த ஓரக்குறிப்புக்குப் பிறகு நான் படித்த முறையே மாறியது.

காலை பதினோரு மணிக்கு என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்தேன். எதிர் பிளாக்கில் ஒரு அத்தை, திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளும் மருமகனும் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். பத்தரைக்குக் குழந்தை தூங்கும். தாளிக்கலாம் என்றால் ஸ்மோக் அலாரம் அடித்துவிடும், அதனால் மகள் வந்து ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்டைப் போடும் வரை தாளிப்பது கிடையாது. கதவைத் திறந்து வெளியே போனால் தானாகப் பூட்டிக்கொண்டுவிடுமோ என்று பயம், உள்ளே குழந்தை. ஊரில் யாருக்காவது போன் போடலாம் என்றால் இங்கே குளிர்காலத்துக் காலை பதினோரு மணி அங்கே இரவு ஒன்பதரை. "அவங்க சாப்பிட்டுப் படுக்கிற நேரம், இந்த நேரத்துல கூப்பிட்டா என்னமோ ஏதோன்னு பதறிடுவாங்க" என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானூறு பிள்ளைகளையும் இருபது டீச்சர்களையும் மேய்த்தவர். இதை அப்படியே அடுத்த பாக்கெட்டில் எழுதினேன், ஒரு மேற்கோள்கூட இல்லாமல். "இப்போதுதான் உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது" என்று பதில் வந்தது.

சரி, இனி பாடத்திட்டம். நம் ஆட்கள் பெரும்பாலும் செய்வது என்னவென்றால், தனக்குப் பிடித்த விஷயத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் புத்தகங்களை அடுக்கி, கடைசியில் "லைசென்ஸ் பற்றி அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவது. கவுன்சலிங் செய்ய வேண்டும், அதுவும் காப்பீட்டு நிறுவனத்திடம் பில் போட்டுச் செய்ய வேண்டும் என்கிற எண்ணம் துளியாவது இருந்தால் கடைசியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் இருக்கப் போகும் மாநிலத்தின் லைசென்ஸ் போர்டு என்ன கேட்கிறது என்று அவர்களுடைய விதிகளையே எடுத்துப் படியுங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளை நம்ப வேண்டாம், ஏனென்றால் அது கல்லூரி இருக்கும் மாநிலத்தை மனதில் வைத்து எழுதியது. பெரும்பாலான மாநிலங்களில் மனநல ஆலோசகர் லைசென்ஸுக்கு 60 கிரெடிட் முதுகலை வேண்டும். அதற்குப் பிறகு மேற்பார்வையில் இரண்டு வருடம் போல வேலை, பல இடங்களில் 3,000 மணி நேரம், மாசசூசெட்ஸில் 3,360. அதன்பின் தேர்வு. 'சைக்காலஜிஸ்ட்' என்ற பட்டப்பெயர் வேறு கதை. அதற்கு அநேகமாக எல்லா மாநிலத்திலும் முனைவர் பட்டம் வேண்டும். வெர்மான்ட் மாதிரி ஓரிரு மாநிலங்களில்தான் எம்.ஏ. படித்தவருக்கும் அந்த லைசென்ஸ் உண்டு. வெர்மான்ட்டில் படித்துவிட்டு டெக்சாஸுக்குக் குடிபோகிறவருக்கு அந்தச் சலுகை பெட்டியோடு கூட வராது.

போர்டுகள் கேட்கிற பாடங்கள் கிட்டத்தட்ட எட்டுத் தலைப்பில் அடங்கும். மனித வளர்ச்சி, சமூக-பண்பாட்டு அடிப்படைகள், ஆலோசனை உறவு, குழு ஆலோசனை, தொழில் ஆலோசனை, மதிப்பீடு, ஆய்வுமுறை, தொழில் நெறி. இதோடு மனநோய் கண்டறிதலையும் தனியாகக் கேட்பார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்ததும், "இதையெல்லாம் படிக்கறதுக்கு நான் சாதாரணக் கல்லூரிக்கே போயிருப்பேனே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் தலைப்பு அவர்களுடையது, உள்ளே போகிற கேள்வி நம்முடையது. சுதந்திரம் இருக்கிற இடம் அதுதான், அது சின்ன இடமும் இல்லை.

ஓர் உதாரணம். மதிப்பீடு என்ற தலைப்பில் உளவியல் அளவைகள் எப்படிச் செய்யப்படுகின்றன, நம்பகத்தன்மை, ஏற்புடைமை (அளக்க நினைத்ததைத்தான் அளவை அளக்கிறதா என்பது) என்று எல்லாம் படித்தே ஆக வேண்டும். நான் அதை முதியோர் மனச்சோர்வு அளவையை வைத்துப் படித்தேன். 1980-களில் யெசாவேஜும் மற்றவர்களும் உருவாக்கியது. முதலில் 30 கேள்வி, பிறகு 15 கேள்விகளில் சுருக்கம், ஆம்-இல்லை என்று பதில் சொன்னால் போதும். அதில் ஒரு கேள்வி, வெளியே போய்ப் புதிதாக ஏதாவது செய்வதைவிட வீட்டிலேயே இருப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது. ஆம் என்றால் மனச்சோர்வுப் பக்கம் ஒரு புள்ளி. ஜனவரி மாதம் நாஷுவாவில், கார் ஓட்டத் தெரியாத, முழங்கால் வலி உள்ள, பனியில் வழுக்கி விழுந்தால் டிராவல் இன்ஷூரன்ஸ் என்ன தரும் என்று தெரியாத ஒருவர் ஆம் என்று சொன்னால் அது மனச்சோர்வா, புத்திசாலித்தனமா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே ஏற்புடைமை என்ற அத்தியாயம் முழுவதையும் படித்து முடித்தேன். பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்திருந்தால் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்திருக்கும்.

தொழில் ஆலோசனை என்ற தலைப்புதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓய்வு பெற்றவர்களைப் பற்றிப் படிக்கிற எனக்கு ரெஸ்யூமே எழுதுவதும் வேலை தேடுவதும் எதற்கு? அட்வைசர்தான் டொனால்ட் சூப்பரை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு மனிதர் வாழ்நாளில் பிள்ளை, மாணவர், உழைப்பாளி, வீட்டைப் பார்ப்பவர், குடிமகன் என்று பல பாத்திரங்களை ஒரே சமயத்தில் ஏற்கிறார், ஒவ்வொன்றின் கனமும் வயதோடு ஏறி இறங்குகிறது என்று 1980-இல் ஒரு வானவில் படத்தோடு எழுதியவர் அவர். அந்தத் தலைமையாசிரியை அத்தைக்கு விமானத்தில் ஏறிய ஒரே இரவில் எத்தனை பாத்திரங்கள் கழன்று போயின என்று அந்தப் படத்தை வைத்துக் குறித்துப் பார்த்தால், தனிமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி தனிமையே கிடையாது, அதிகாரம் போன வலி. என் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் எரிச்சலோடு எடுத்த அந்தப் பாடத்திலிருந்துதான் வந்தது. அதனால் பிடிக்காத தலைப்பு என்று எதையும் ஒப்புக்குச் செய்துவிட்டுப் போகாதீர்கள்.

பாடங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. நாமே வகுக்கும் படிப்பில் அழகாகப் பெயர் வைக்க ஆசை வரும், 'கடல் கடந்த மூப்பு' என்கிற மாதிரி. டிரான்ஸ்கிரிப்டில், அதாவது படித்த பாடங்களைப் பட்டியலிட்டுக் கல்லூரி தரும் சான்றில், அப்படி ஒரு பெயர் இருந்தால் லைசென்ஸ் அலுவலகத்தில் அதைப் பார்ப்பவருக்கு அது எந்தப் பெட்டியில் போகும் என்று தெரியாது. அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது, ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு பாடத்தின் பெயரும் கிரெடிட்டும் வேண்டும். என்னோடு படித்த ஒருவருக்கு ஒரு மாநிலத்தில், பெயர் பொருந்தவில்லை என்று இரண்டு பாடங்களைத் திருப்பி அனுப்பி, மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். உள்ளே இருந்த படிப்பு சாதாரணக் கல்லூரியில் சொல்லித் தருவதைவிட அதிகம்தான், ஆனால் பெயர் கவிதையாக இருந்தது. பெயரைச் சப்பென்று வையுங்கள். 'குழு ஆலோசனை', 'மதிப்பீடு', முடிந்தது. கவிதையை ஆய்வேட்டின் தலைப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கூடவே ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு சிலபஸ் எழுதி, நோக்கம், நூல் பட்டியல், எழுதிய கட்டுரைகள், செலவிட்ட மணிநேரம் போட்டு, அந்தச் செமஸ்டரிலேயே அட்வைசரின் கையெழுத்தை வாங்கி வைத்துவிட வேண்டும். பிறகு வாங்கலாம் என்றால் அட்வைசர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

கல்லூரியே இல்லாமல் போவதும் உண்டு. காடர்ட் 2024-இல் மூடப்பட்டது. மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது, பணமும் இல்லை. அதே வருடம், இந்த மாதிரிப் படிப்புக்கு இன்னொரு பழைய பெயரான யூனியன் இன்ஸ்டிடியூட்டும் மூடியது. பழைய மாணவர்களின் டிகிரி செல்லாமல் போகாது, படிக்கும் காலத்தில் அங்கீகாரம் இருந்ததா என்பதுதான் கணக்கு. ஆனால் "உங்கள் மதிப்பீடு பாடத்தில் என்ன படித்தீர்கள் என்று கல்லூரியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்" என்று யாராவது கேட்டால் எழுதித் தர ஆள் இருக்காது. மூடுவதற்குப் பல வருடம் முன்பே படித்து முடித்துவிட்டாலும், அந்தச் செய்தி வந்த அன்று நான் முதலில் செய்தது அலமாரியைத் திறந்து அந்தச் சிலபஸ் கட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்ததுதான். இப்போது சேர நினைப்பவர்களுக்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கலட்டின் பள்ளியும், மான்ட்ரியாலில் கான்கோர்டியாவும் தனிப்பட்ட முதுகலைத் திட்டம் வைத்திருக்கின்றன. இரண்டும் பெரிய பல்கலைக்கழகத்தின் நிழலில் இருப்பவை, ஆராய்ச்சிக்கு நல்லவை, ஆனால் அவை லைசென்ஸுக்காக வடிவமைத்த படிப்புகள் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்ன்ஷிப்தான் இந்த வழியில் ரொம்பக் கஷ்டமான பகுதி. வழக்கமான கவுன்சலிங் படிப்பில் கல்லூரிக்கே பத்துப் பதினைந்து கிளினிக்குகளோடு ஒப்பந்தம் இருக்கும். வீட்டிலிருந்து படிப்பவருக்கு அது கிடையாது, தானே கதவு தட்ட வேண்டும். பொதுவாக 100 மணி நேரப் பயிற்சி, பிறகு 600 மணி நேர இன்டர்ன்ஷிப் என்பது கணக்கு. சம்பளம் அநேகமாக இருக்காது. நான் கேட்டுப் போன ஒரு மையத்தில், "உங்கள் கல்லூரிப் பேரையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை" என்று சொல்லி விண்ணப்பத்தைக்கூடத் திறக்கவில்லை. கடைசியில் இடம் கிடைத்தது முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றில். அங்கே ஸ்பானிஷ், நேபாளி பேசும் முதியவர்கள் அதிகம், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஆலோசனை செய்து பழக்கப்பட்ட மேற்பார்வையாளர் இருந்தார், அது எனக்கு அடித்த யோகம். சேருவதற்கு முன்னால் மேற்பார்வையாளரின் லைசென்ஸ் உங்கள் போர்டு ஏற்கும் வகைதானா என்று பாருங்கள், ஏற்காவிட்டால் மணிநேரம் அத்தனையும் வீண். மணிக்கணக்குத் தாளில் வாராவாரம் கையெழுத்து வாங்குங்கள். மாணவர்களுக்கான தொழில் பொறுப்புக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள், அது மலிவுதான்.

விசா விஷயமும் இங்கேதான் இடிக்கும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்குக் கிடைப்பது) தாராளமாகப் படிக்கலாம், ஆனால் வேலை செய்ய அனுமதி அட்டை வேண்டும். அந்த அட்டையே 2015 மே மாதத்திலிருந்துதான், அதுவும் கணவனோ மனைவியோ கிரீன் கார்டுக்கான வழியில் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் வேலையா இல்லையா என்பதை நாமே முடிவு செய்யக் கூடாது, ஒரு குடிவரவு வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுவது மேல். ஊரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வர நினைப்பவர்களுக்கு லோ ரெசிடென்சி ஒத்தே வராது. ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும். அரசாங்கக் கல்விக் கடனும் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்குத்தான்.

ஆய்வு என்றால் மனிதர்களிடம் பேச வேண்டும், அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நான் எழுதிய ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மூன்று பக்கம், தமிழில் நாலரை. அதை நீட்டினால் அந்தப் பெரியவர்கள் முகம் மாறிவிடும். "பேசறேன்மா, எவ்வளவு நேரம் வேணாலும் பேசறேன், கையெழுத்து மட்டும் கேக்காதே. நாளைக்கு விசா எக்ஸ்டென்ஷனுக்குப் போகும்போது ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று ஒரு தாத்தா நேராகவே சொன்னார். அவர் பயம் நியாயமானது. கையெழுத்து இட்ட அந்தத் தாள்தான் அவரை என் ஆய்வோடு இணைக்கும் ஒரே சான்று, அது வெளியே போவதுதான் முக்கிய ஆபத்து என்றால், கையெழுத்துக்குப் பதிலாக வாய்மொழி ஒப்புதல் போதும் என்று அமெரிக்க ஒழுங்குமுறையிலேயே இடம் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதினேன், ஒப்புக்கொண்டார்கள். படிவத்தை நிதானமாக வாசித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்னதை நான் குறித்துக்கொள்வேன்.

இதைவிடச் சிக்கல், பேசுவதற்கு இடம். வீடு மகளுடையது. மகள் காபி போட்டுக் கொண்டுவந்து, "நானும் உட்காரட்டுமா, அம்மாவுக்கு இங்கிலீஷ்ல ஏதாவது வந்தா சொல்றேன்" என்பாள், நான் தமிழில்தான் பேசப்போகிறேன் என்று தெரிந்தும். மகள் இருந்தால் அம்மா "எனக்கு என்ன குறை, ராணி மாதிரி வச்சிருக்காங்க" என்பார். ஊர் நூலகத்தில் கண்ணாடி அறை ஒன்று இலவசமாகக் கிடைக்கும், அங்கே கூட்டிப்போக ஆரம்பித்த பிறகுதான் பேச்சு வந்தது. ஆய்வுத் திட்டம் எழுதும்போது எத்தனை பேர், என்னென்ன கேள்வி என்று யோசிக்கிற அளவுக்கு எந்த நாற்காலியில், யார் காதில் விழாமல் என்று யோசிப்பதில்லை. இரண்டாவதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள், நெறிமுறைக் குழுவுக்கும் அது பிடிக்கும்.

இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் கவனிக்க: பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலைக்கு இந்த டிகிரி அங்கே இணையானதுதான் என்று சான்று வாங்க வேண்டியிருக்கும். பத்தி பத்தியாக எழுதிய மதிப்பீடும், பாதிப் படிப்பு வீட்டிலிருந்து என்பதும் அதில் கேள்வியாக எழும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பதிவு செய்வதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் வழி தனி, இந்த எம்.ஏ. அங்கே நேராகக் கொண்டு சேர்க்காது. பிஎச்.டி. போக நினைப்பவர்களும் யோசிக்க வேண்டும். மதிப்பெண் சராசரி இல்லாத டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்தால் சில துறைகள் ஓரமாக வைத்துவிடும். விண்ணப்பத்தோடு அட்வைசரின் விரிவான கடிதமும் எழுதிய கட்டுரை ஒன்றும் போனால் கொஞ்சம் ஈடுகட்டலாம்.

இன்னொன்று, யாருக்கு இது ஆகாது என்பது. கெடு வைத்து யாராவது விரட்டினால்தான் படிப்பேன் என்பவர்களுக்கு ஆகாது. "எனக்கு மனித மனம் பிடிக்கும்" என்கிற அளவில் நிற்பவர்களுக்கும் ஆகாது, இரண்டாவது செமஸ்டரில் புத்தகப் பட்டியல் காலியாகிவிடும். ஒரு குறிப்பிட்ட மனிதர்களைப் பற்றி, ஒரு குறிப்பிட்ட நேரத்தைப் பற்றி விடாமல் அரிக்கிற ஒரு கேள்வி இருந்தால் மட்டும் கல்லூரிக்குப் போன் போடுங்கள். போன் போட்டால் கேட்க வேண்டியவை: கல்லூரியின் அங்கீகாரம் எந்த வருடம் மறுபரிசீலனைக்கு வருகிறது, கடைசியாகப் படித்து முடித்தவர்களில் என் மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கியவர் யாராவது உண்டா, அவரோடு பேச முடியுமா, என் துறையில் எத்தனை அட்வைசர்கள் முழுநேரமாக இருக்கிறார்கள், ஒருவர் போய்விட்டால் அடுத்து யார். கடைசிக் கேள்விக்கு எதிர்முனையில் நீண்ட யோசனை வந்தால் அடுத்த கல்லூரிக்குப் போடலாம்.